குயிலுக்கு வேலி கட்டியவர்கள்

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களைப் புரட்டிப் பார்க்கும் அன்பர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். வேனில் விழாவைப் பற்றி ஒரு கட்டுரையாவது இல்லாத மலர் அபூர்வம். அந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. சங்க காலத்தில் காமன் விழா இருந்தது என்று தொடங்கும். அதுவே புகாரில் இந்திர விழா ஆயிற்று, அதுவே வடக்கே போய் ஹோளி ஆயிற்று, கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போய் மே மாதத்துக் கம்ப ஆட்டம் ஆயிற்று என்று முடியும். வேறு சிலர் இதையே தலைகீழாகச் சொல்வார்கள். எல்லாம் வடக்கிலிருந்து வந்தது, நம்மிடம் சொந்தமாக ஒன்றும் இல்லை என்பார்கள். இரண்டு கட்சியும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன என்பது என் கருத்து. நான் வியாபாரி. ஒரு பேரேட்டில் ஆரம்ப இருப்பு என்று ஒரு தொகை எழுதியிருந்தால், அது எந்த ரசீதின் பேரில் வந்தது என்று கேட்காமல் பக்கத்தைத் திருப்ப எனக்கு வராது. இரண்டாயிரம் வருஷத்து ஆரம்ப இருப்பு என்றால் கேட்காமல் எப்படி விடுவது?

இது வெறும் ஏட்டு விவகாரம் அல்ல. ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையை நம்பி வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில் ஒவ்வொரு பங்குனியிலும் இது ஒரு வழக்காகிறது. முதல்நாள் இரவு தெருமுனையில் ஷிம்கா எரிகிறது, மறுநாள் தூளிவந்தன், ஐந்தாம் நாள் ரங்கபஞ்சமி. நம்ம பிள்ளைங்க மராத்திப் பிள்ளைகளோடு சேர்ந்து மேலெல்லாம் சாயத்தோடு வீடு திரும்புகிறார்கள். "இது நம்ம பண்டிகையா அம்மா?" என்று கேட்கிறார்கள். ஒரு வீட்டில், நம்முடையது இல்லை, போகாதே என்று பதில். இன்னொரு வீட்டில், நம்மிடமிருந்து போனதுதான், தாராளமாகப் போ என்று பதில். இந்த இரண்டு பதிலையும் பெற்றோர்களுக்கு எழுதிக் கொடுத்தது மலர்க் கட்டுரைகள்தாம். ஆகவே அந்தக் கட்டுரைகளைத் தணிக்கை செய்வது அவசியமாகிறது.

முதலில் ஒரு இங்கிலீஷ்காரர் கதை. நாட்டிங்ஹாம் பக்கத்தில் காத்தம் என்று ஒரு கிராமம். அந்த ஊரார் முட்டாள்தனத்துக்குப் பேர் போனவர்கள். குயில் கூவினால் வசந்தம், குயில் போனால் வசந்தமும் போய்விடுகிறது. ஆகவே குயிலை ஊரிலேயே நிறுத்திவிட்டால் வருஷம் பூராவும் வசந்தம்தானே என்று யோசித்து, ஒரு புதரில் குயிலை விட்டுச் சுற்றிலும் வேலி கட்டினார்கள். குயில் மேலே பறந்து போய்விட்டது. உடனே அவர்கள், வேலியை இன்னும் கொஞ்சம் உயரமாகக் கட்டியிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார்களாம். காத்தம் கதைகள் 16ஆம் நூற்றாண்டிலேயே அங்கே அச்சேறிவிட்டன. 1894இல் ஜோசப் ஜேக்கப்ஸ் தம்முடைய இரண்டாவது ஆங்கில நாட்டுக்கதைத் தொகுப்பிலும் இவற்றைச் சேர்த்தார். காத்தத்துக்காரர்கள் அப்படியொன்றும் அசடுகள் அல்ல என்று இன்னொரு கதையும் உண்டு. ஜான் மன்னன் அந்த வழியாக வந்தால் அது ராஜபாட்டை ஆகிவிடும், செலவு ஊர் தலையில் விழும் என்று பயந்து, பைத்தியம் போல நடித்து மன்னனை வேறு வழியில் திருப்பிவிட்டார்களாம். வரிக்குப் பயந்து வேஷம் போட்டவர்களை எங்கள் கடைத்தெருவில் யாரும் முட்டாள் என்று சொல்லமாட்டார்கள்!

இந்தக் கதையைப் படித்ததும் நமக்குப் பரமார்த்த குரு ஞாபகம் வரும். வரத்தான் வேண்டும். காத்தத்தார் பன்னிரண்டு பேர் மீன்பிடிக்கப் போய், திரும்பும்போது எண்ணிப் பார்த்து, தன்னைத் தான் எண்ண மறந்து, ஒருவன் செத்துப் போனான் என்று அழுகிறார்கள். பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்ததும் அதே மாதிரி எண்ணி அதே மாதிரி அழுகிறார்கள். வீரமாமுனிவர் இத்தாலிக்காரர். ஐரோப்பாவில் கேட்ட கதையை வைகைக் கரைக்கும் காவிரிக் கரைக்கும் ஏற்றபடி, நம் வீட்டுப் பேச்சில், நம் ஊர்க் கதை போலவே எழுதினார். 1822இல் பாபிங்டன் அதை லண்டனில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டார். இன்றைக்குப் பரமார்த்த குரு தமிழ்க் கதை இல்லை என்று யாராவது சொல்லத் துணிவார்களா? எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. யாருடையதாக வாழ்கிறது என்பது வேறு கேள்வி. நம் மலர்க் கட்டுரையாளர்கள் இரண்டையும் ஒரே கேள்வியாக்கிக் குழப்புகிறார்கள்.

குழப்பம் எங்கிருந்து தொடங்கியது என்று பார்த்தால் ஒரு வேடிக்கையான கொடுக்கல் வாங்கல் தெரியவருகிறது. 1865-66 குளிர்காலத்தில் பம்பாய் கவர்னர் சர் பார்ட்டில் பிரியர் தென் மராத்தி நாட்டில் சுற்றுப்பயணம் போனார். உடன் போன மகள் மேரி பிரியருக்குப் பொழுது போகவில்லை. அன்னா லிபெராதா டி சூசா என்ற ஆயாவிடம் கதை கேட்டார், கேட்டதை எழுதி வைத்தார். 1868இல் அது 'பழைய தக்காண நாட்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் லண்டனில் வெளியாயிற்று. அந்த நூலை நான் உயர்வாகவே மதிக்கிறேன். கதை சொன்னவளின் பெயரையும் அவளுடைய வாழ்க்கையையும், விதவையாகி ஆயா வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தது, தாத்தா லிங்காயத்துக் குடும்பத்திலிருந்து கிறித்தவரானது எல்லாவற்றையும் அவள் வாய்மொழியாகவே நூலின் முகப்பில் வைத்தார் மேரி. அந்தக் காலத்தில் ஆயாவை யார் இப்படி மதித்தார்கள்? அதில் முதல் கதை பஞ்ச்கின். மந்திரவாதியின் உயிர் அவன் உடம்பில் இல்லை, தொலைதூரக் காட்டில் ஒரு சிறிய கிளியில் இருக்கிறது. ஏழு கடல் ஏழு மலை தாண்டி என்று நம் பாட்டிமார் சொன்ன அதே கதைதான்.

இந்தப் பஞ்ச்கின் கதை பிரேசர் கையில் கிடைத்தது. 'பொற்கிளை' என்னும் அவருடைய பெருநூல் 1890இல் இரண்டு தொகுதிகளாக வந்து, பிறகு பன்னிரண்டாக வளர்ந்தது. உயிரை உடம்புக்கு வெளியே ஒளித்து வைக்கும் கதைகளை அடுக்கும் இடத்தில் பஞ்ச்கினும் சாட்சி சொல்கிறான். அந்த நூலின் பெருங்கொள்கை இதுதான்: உலகத்து வேனில் சடங்குகள் எல்லாம் பயிர்த் தெய்வம் செத்துப் பிழைப்பதைக் காட்டும் ஆதிச் சடங்கின் மிச்சங்கள். கம்பம் நட்டால் மரத் தெய்வம், பொம்மை எரித்தால் செத்த தெய்வம். இந்தக் கொள்கை திரும்பக் கப்பல் ஏறி நம் பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. அங்கிருந்து மலர்களுக்கு வந்தது. பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சை ஏற்றி அனுப்பிவிட்டு மான்செஸ்டர் துணியை விலை கொடுத்து வாங்கிய அதே வியாபாரம்தான். பஞ்சு நம்முடையது என்பதற்காகத் துணியின் நெசவைச் சோதிக்காமல் வாங்கலாமா?

இங்கிலீஷ்காரர்களே பிற்பாடு சோதித்துவிட்டார்கள். ரொனால்ட் ஹட்டன் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1996இல் வெளியிட்ட நூலில், பிரிட்டனின் பருவகால வழக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் எழுத்துச் சான்று எந்த வருஷத்திலிருந்து கிடைக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தார். கார்ன்வாலில் பாட்ஸ்டோ என்ற ஊரில் மே முதல் தேதி கறுப்புத் துணி போர்த்திய பொய்க்கால் குதிரை ஒன்று தெருத்தெருவாக ஆடும். கிறித்துவுக்கு முந்தைய வழக்கம் என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். சான்று 1803க்கு முன்னால் போகவில்லை. ஊர் ஊராகப் போய் நடிக்கும் நாட்டு நாடகத்தில் செயிண்ட் ஜார்ஜோ எதிரியோ வெட்டுப்பட்டு விழ, ஒரு வைத்தியர் வந்து பிழைக்க வைப்பார். பிரேசர் கூட்டத்தாருக்கு இது வெல்லக்கட்டி. ஆனால் அந்த நாடகத்தின் பாடங்கள் 18ஆம் நூற்றாண்டுக்கு முன்பு கிடைப்பதில்லை. மே கம்பம் மட்டும் நிஜமாகவே பழையது. 1644இல் பார்லிமெண்ட் அதைத் தடை செய்தது. மன்னராட்சி திரும்பியதும் 1661இல் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் 134 அடி உயரத்தில் ஒரு கம்பம் நட்டார்கள்.

இந்தக் கம்பத்தை நான் விடாமல் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூட விழாவில் நம் பிள்ளைகள் கம்பத்தில் வண்ண நாடா கட்டிப் பின்னி ஆடுவதைப் பார்த்தவர்கள், இது நம்முடைய பின்னல் கோலாட்டம் அல்லவா என்று கேட்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான், மறுக்கவில்லை. மராத்தியரிடமும் 'கோஃப்' என்று அதே பின்னல் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் பழைய கம்பத்தில் பின்னும் நாடா கிடையாது. சும்மா சுற்றி வந்து ஆடினார்கள். நாடா அங்கே 19ஆம் நூற்றாண்டில் மேடை வழியாகவும் பள்ளிக்கூடங்கள் வழியாகவும் பரவியது. பள்ளிக்கூடத்தில் மே ராணிக்கு மகுடம் சூட்டும் விழாவை 1881இல் லண்டன் ஒயிட்லேண்ட்ஸ் கல்லூரியில் தொடங்கி வைத்தவர் ரஸ்கின். ஆக, நம் பிள்ளைகள் ஆடும் அந்த 'ஆதி' ஆட்டத்துக்கு வயது நூற்றைம்பதைச் சுற்றித்தான். தமிழன் கொடுத்தான், வெள்ளைக்காரன் எடுத்தான் என்பதற்கு யாரிடமும் ரசீது இல்லை. நாலு பேர் கையில் நாலு நாடாவைக் கொடுத்து ஒரு கம்பத்தைச் சுற்றச் சொன்னால் பின்னல் தானாக விழும்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்ப விழாவைப் பற்றி எத்தனை ஜோடி எருது கட்டி இழுத்து வந்தார்கள், கொம்பில் என்ன பூ கட்டினார்கள் என்றெல்லாம் விவரமாக எழுதி வைத்தவர் யார் தெரியுமா? 1583இல் அந்த விழாவையே கரித்துக் கொட்டிய பிலிப் ஸ்டப்ஸ் என்ற கடுமையான சீர்திருத்தக்காரர். விழா கொண்டாடியவர்கள் எழுதவில்லை, ஆடிவிட்டுப் போய்விட்டார்கள். வேண்டாம் என்றவர்தான் உட்கார்ந்து எழுதினார்.

நம் இலக்கியத்திலும் இப்படித்தான். வேனிலையும் காமனையும் விரிவாகப் பாடியவர்களில் முன்னிற்பவர்கள் துறவைப் பெரிதென்று சொன்ன சமணர்கள். இதை எங்கள் சமூகத்துப் பெருமைக்காகச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமையும் உண்டு, போகட்டும். ஆனால் ஸ்டப்ஸைப் போல அவர்கள் கரித்துக் கொட்டவில்லை. அங்கேதான் வித்தியாசம்.

சான்றுகளை வரிசையாகப் பார்க்கலாம். கலித்தொகையின் பாலைப் பாட்டுகளில் காமவேளின் விழா வருகிறது. இளவேனில் வந்துவிட்டது, வைகைக் கரையில் விழா, பிரிந்து போனவர் வரவில்லையே என்று தலைவி ஏங்குகிறாள். காதலர் கூடும் விழா அது. அந்தப் பாட்டுகளில் காமனை யாரும் எரிக்கவில்லை. புகாரின் இந்திர விழாவோ சித்திரை நிறைமதியை ஒட்டியது. மணிமேகலை அதை இருபத்தெட்டு நாள் விழாவாகச் சொல்கிறது. தெய்வம் வேறு, மாதம் வேறு, நோக்கம் வேறு. காமன் விழாவே இந்திர விழா என்று எழுதுகிறவர்கள் இரண்டு கடைக் கணக்கை ஒரே பேரேட்டில் ஏற்றுகிறார்கள்.

சிலப்பதிகாரத்தை நாங்கள் சமண நூல் என்று உரிமை கொண்டாடுவோம், மறுக்கும் அறிஞர்களும் உண்டு. அதில் ஒரு இடம். தேவந்தி என்ற தோழி கண்ணகியிடம் வந்து, இரண்டு குளத்தில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனைத் திரும்ப அடையலாம் என்கிறாள். பரிவோடு சொன்ன யோசனைதான். கண்ணகி ஒரே சொல்லில் அது தனக்குப் பெருமை அல்ல என்று மறுத்துவிடுகிறாள். அடுத்த நிமிஷம் கோவலன் வாசலில் நிற்கிறான்! காமனைத் தொழாததால் வந்தானா, தொழாமலேயே வந்தானா என்று இளங்கோ சொல்வதில்லை. காமன் கோயில் ஒன்று இருந்தது, பெண்கள் போனார்கள், ஒருத்தி போகவில்லை. எவ்வளவு அமைதியாகச் சொல்லிவிட்டார்.

திருத்தக்கதேவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சீவக சிந்தாமணியை 1887இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோது, பொருள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார் என்பது எல்லோரும் அறிந்தது. அதில் குணமாலையார் இலம்பகத்தில் வேனில் நீராட்டு விழா. இரண்டு தோழிகளுக்குள் வாசனைச் சுண்ணம் யாருடையது உயர்ந்தது என்று போட்டி. சீவகன் நடுவர். இரண்டையும் ஆகாயத்தில் தூவுகிறான். குணமாலையின் பொடியை வண்டுகள் மொய்த்துக்கொள்கின்றன, சுரமஞ்சரியுடையது தரையில் விழுகிறது. ரங்கபஞ்சமி அன்று ரஞ்சன்காவ் தெருவில் பொடி பறக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வரும். ஆனால் ஹோளி சிந்தாமணியிலிருந்து வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. தோற்ற சுரமஞ்சரி ஆண்வாடையே வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். பிற்பாடு சீவகன் கிழவன் வேஷத்தில் அவள் வீட்டுக்குள் புகுந்து, அவளைக் காமன் கோட்டத்துக்கு அழைத்துப் போகிறான். அவள் காமனை வேண்டுகிறாள். சிலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நண்பன் புத்திசேனன், நீ சீவகனைப் பெற்றாய் என்று குரல் கொடுக்கிறான். அவள் சாமிதான் பேசியது என்று நம்புகிறாள். தெய்வம் பேசியது என்பதை ஒரு சமண முனிவர் எப்படிக் கையாள்கிறார் பாருங்கள். கோபிக்கவில்லை, சாபமிடவில்லை. சிலைக்குப் பின்னால் ஒரு சிநேகிதனை உட்கார வைத்துவிட்டார்.

"நீங்க சமணர் ஆச்சே, காமனுக்கு வக்காலத்தா?" என்று சங்கத்து நண்பர்கள் கேலி செய்வதுண்டு. எங்கள் திகம்பர மரபில் காமதேவர்கள் இருபத்துநான்கு பேர். அவர்கள் தெய்வங்கள் அல்லர், ஒப்பற்ற அழகு படைத்த மனிதர்கள். முதல் காமதேவர் பாகுபலி, சிரவணபெளகொளாவில் கொடி படர நிற்பவர். அந்த வரிசையில் சீவகனும் உண்டு. ஆசையின் உருவமாகப் பிறந்தவனே கடைசியில் துறந்து போகிறான். அவனை யாரும் எரிப்பதில்லை. ஆகவே தஞ்சாவூர்ப் பக்கத்து எரிந்த கட்சி, எரியாத கட்சி வழக்கில் எங்களுக்கு மூன்றாவது கட்சி!

அந்த வழக்குதான் இந்தக் கட்டுரையின் உயிர்நிலை. அதற்கு முன்பு மராத்தி மண்ணின் சான்றையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. ஹாலன் என்ற சாதவாகன மன்னன் பெயரில் வழங்கும் காதா சப்தசதி, மகாராஷ்டிரி பிராகிருதத்தில் எழுநூறு தனிப்பாட்டுகள். அகத்துறைப் பாட்டுகளோடு அவற்றை ஒப்பிட்டு ஜார்ஜ் ஹார்ட் 1975இல் ஒரு நூலே எழுதினார். அந்தத் தொகுப்பில் பங்குனி விழாவில் ஒருவர் மேல் ஒருவர் சேறு பூசிக்கொள்ளும் காட்சி உண்டு. இது ரசீது. தூளிவந்தன் அன்று சேறு பூசும் வழக்கத்துக்குத் தக்காணத்திலேயே மிகப் பழைய எழுத்துச் சான்று இருக்கும்போது, அதைப் பூம்புகாரிலிருந்து இறக்குமதி செய்ய என்ன அவசியம்?

குடி பாட்வாவையும் சொல்லவேண்டும். பாட்வாவுக்கு முந்தின வாரம் என் பாத்திரக்கடையில் செம்பு 'தாம்ப்யா' கேட்டு வருவார்கள். மூங்கில் உச்சியில் பட்டுத்துணி, வேப்பிலை, மாவிலை, சர்க்கரை மாலை கட்டி அந்தச் செம்பைக் கவிழ்த்து வைப்பார்கள். சாலிவாகனன் வெற்றிக்கொடி என்பது ஊர்க்கதை. குயவன் வீட்டில் வளர்ந்த பிள்ளை களிமண்ணில் யானை, குதிரை, வீரர்கள் செய்து உயிர் கொடுத்து விக்கிரமாதித்தனை ஜெயித்தானாம். பைட்டணத்தில் நடந்ததாகச் சொல்லும் இந்தச் சாதவாகனன் கதையை 14ஆம் நூற்றாண்டிலேயே ஜினப்பிரப சூரி என்ற சமண ஆசாரியர் தீர்த்தங்களைப் பற்றிய நூலில் பதிந்திருக்கிறார். கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டு உண்மையில் சகர்களுடைய கணக்கு. அவர்களை அடித்து விரட்டிய குலத்தின் பெயர் பிற்பாடு அதில் ஒட்டிக்கொண்டது. கதை பொய்தான். ஆனால் அடித்து விரட்டியது பொய் அல்ல. 1906இல் நாசிக் பக்கம் ஜோகல்தெம்பியில் 13,000க்கு மேல் வெள்ளிக்காசுகள் கிடைத்தன. சக மன்னன் நகபானன் காசுகள். அவற்றில் பெரும்பகுதியின் மேல் கௌதமிபுத்திர சாதகர்ணி தன் முத்திரையை மறுபடி அடித்திருக்கிறான். பகைவன் நாணயத்தை உருக்கக்கூட இல்லை, அதன் மேலேயே அடித்தான். வெற்றிக்கு இதைவிட நல்ல ரசீது ஒரு வியாபாரிக்கு வேண்டாம். செங்குட்டுவனுக்குக் கங்கை கடக்க ஓடம் கொடுத்த நூற்றுவர் கன்னர் இந்தக் குலத்தார்தான் என்பர் அறிஞர்.

இனி எரிந்த கட்சி. தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரக் கிராமங்களில் மாசி அமாவாசை கழிந்து காமன் நடுவார்கள். கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் பிரி. பௌர்ணமியில் எரிப்பார்கள். இந்த நாட்களில் விடிய விடிய லாவணி. கையில் டேப் என்னும் தோல்கருவி. ஒரு கட்சி, சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்று பாடும். எதிர்க்கட்சி, எரியவே இல்லை என்று பாடும். எரிந்திருந்தால் உலகத்தில் ஆசை எப்படி மிச்சம் இருக்கிறது என்று மடக்கும். கேள்வி, பதில், புராணம், கணக்கு, வசவு எல்லாம் உண்டு.

லாவணி என்ற பெயரே மராத்தி. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்டவர்கள் போன்ஸ்லே மராத்தியர். இந்தக் கலை அவர்களோடு வந்தது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. ஆனால் நம் மலர்களில் எழுதுகிறவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். மராத்தி லாவணி என்றதும் ஒன்பது கஜம் புடவையும் சலங்கையும்தான் நினைவுக்கு வருகிறது; இதற்கும் தஞ்சாவூர் வாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுகிறார்கள். பேஷ்வா காலத்துப் பூனாவில் ராம் ஜோஷி, ஹோனாஜி, பிரபாகர் போன்ற ஷாகீர்கள் பாடிய லாவணி ஒரு பக்கம். 'கல்கி - துரா' என்ற போட்டி இன்னொரு பக்கம். துராக் கட்சி சிவனே பெரிது என்று பாடும், கல்கிக் கட்சி சக்தியே பெரிது என்று பாடும். தப்பு அடித்துக்கொண்டு இரவு முழுக்கக் கேள்வி, பதில். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எரிந்த கட்சி சிவன் பக்கம், எரியாத கட்சி ரதி பக்கம். துராவும் கல்கியும் காவிரிக் கரையில் காமன் பண்டிகைக்குள் புகுந்து வேறு பெயர் எடுத்துக்கொண்டன என்பது என் கணிப்பு. மராத்தி நாட்டில் தத்துவச் சண்டையாக இருந்ததைத் தஞ்சாவூர்க்காரன் ஒரு பெண்ணின் தாலிச் சண்டையாக மாற்றினான். ரதி ஜெயிக்க வேண்டும் என்று கேட்கிறவனுக்கு மனசு அடித்துக்கொள்ளும். அது தமிழன் சேர்த்த சரக்கு. இந்தச் சேர்க்கையைப் பார்க்காமல், சங்க காலத்திலிருந்து அப்படியே வருகிறது என்று எழுதினால், பாடிய லாவணிக்காரர்களின் இருநூறு வருஷ உழைப்பைக் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறோம். எல்லாம் மராத்தியர் கொடுத்தது என்று எழுதினாலும் அதே நஷ்டம்தான்.

மாசியா பங்குனியா என்று ஒரு சில்லறைக் குழப்பமும் உண்டு. மராத்தியர் கணக்கு சந்திரனை ஒட்டியது, நம் கணக்கு சூரியனை ஒட்டியது. 2024இல் ஹோளியும் பங்குனி உத்திரமும் மார்ச் 25 அன்றே வந்தன. 2025இல் ஹோளி மார்ச் நடுவில், உத்திரம் ஏப்ரல் 11. விழா ஓடவில்லை, பஞ்சாங்கம்தான் ஓடுகிறது.

ரஞ்சன்காவில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் எனக்கு ஒரு தனி ருசி. இங்கே அஷ்டவிநாயகரில் ஒருவரான மகாகணபதி கோயிலின் கதை, திரிபுரம் எரிக்கப் போகுமுன் சிவன் கணபதியை வேண்டினான் என்பது. நம் அட்ட வீரட்டத்தில் திரிபுரம் எரித்தது திருவதிகை, காமனை எரித்தது மயிலாடுதுறைப் பக்கம் திருக்குறுக்கை. அதிகை என்றாலே எங்களவருக்குச் சற்று மனச்சங்கடம், அப்பர் எங்களை விட்டுப் போனது அங்கேதான். மராத்தியரும் தமிழரும் ஒரே சிவனுடைய இரண்டு எரிப்பை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டது போல இருக்கிறது.

கடல் கடந்தும் காமன் போனான். கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூலிகளாக இலங்கை மலையகம் போனவர்கள் காமன் கூத்தை எடுத்துப் போனார்கள். லயத்து முன்னால் மதன், ரதி வேஷம் கட்டி ஊரே சேர்ந்து ஆடும் கூத்தாக அது அங்கே வளர்ந்தது. இன்றைக்கும் மலையகத்தார் தங்கள் அடையாளக் கலைகளில் முதலாவதாகச் சொல்வது அதைத்தான். அவர்களுக்கு யாரும் சங்கச் சான்று காட்டவில்லை. வேண்டியும் இருக்கவில்லை.

நம்மிடம் இருப்பது வேறு வசதி. இங்கிருந்து மோட்டாரில் இரண்டு மணி நேரத்துக்குள் நாராயண்காவ். விட்டாபாய் நாராயண்காவ்கரின் ஊர். பாட்வா சமயத்தில் தமாஷாக் குழுக்கள் அங்கே கூடாரம் போட, கிராமத்துப் பெரியவர்கள் வந்து சித்திரை ஜாத்திரைக்கு ஆட்டத்தைப் பேசி முன்பணம் கொடுப்பார்கள். தஞ்சை சரஸ்வதி மகாலில் மராத்திச் சுவடிகள் 3,000க்கு மேல். பூனாவில் 1910இல் ராஜவாடே நிறுவிய பாரத இதிகாச சம்சோதக மண்டலத்தில் மோடி எழுத்து ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றன. தஞ்சாவூர்ப் பேராசிரியருக்கு மராத்தி வராது, பூனாப் பேராசிரியருக்குத் தமிழ் வராது. வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் பேசுகிற நம்ம பிள்ளைங்களுக்கு இரண்டும் வரும். கல்கி - துராப் பாட்டையும் எரிந்த கட்சி - எரியாத கட்சிப் பாட்டையும் பக்கத்தில் வைத்து, மெட்டு எது ஒத்துப்போகிறது, கேள்வி எது ஒத்துப்போகிறது என்று பார்க்க இவர்களைவிடத் தகுதி யாருக்கு? என் கணிப்பு சரியா தப்பா என்று சொல்லப்போவதும் அவர்கள்தான்.

தற்போதைக்கு ஒரு வேண்டுகோள். மலரைப் படிக்கும் குடும்பங்களில் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்தவர்கள் நிறையப் பேர். உங்கள் ஊரில் காமன் நட்டார்களா, எந்த இடத்தில் நட்டார்கள், லாவணிக்கு வந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், உங்கள் தாத்தா எந்தக் கட்சி என்று ஊரிலிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பாட்டு ஞாபகம் இருந்தால் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எண்பது தாண்டியவர்களை முதலில் கேளுங்கள்.